துப்பாக்கிக்குப் புதுக் கட்டை: நான்கு மாதம் என்றார்கள், இருபது மாதம் ஆகிவிட்டது

கேள்வி: அல்சூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கும் தமிழர்கள் சிலர் இங்கே எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில் என் சிக்கலை எழுதுகிறேன்.

என் தாத்தா குடகில் சித்தாபுரம் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவர். அவரிடம் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் செய்த 12 போர் (குழலின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. உரிமப் புத்தகத்தில் டி.பி.பி.எல்., அதாவது பின்புறம் தோட்டா போடும் இரட்டைக் குழல், என்று எழுதுவார்களே, அந்த வகை. குடகர்களுக்கும் ஜம்மா என்னும் பரம்பரை நிலம் உடையவர்களுக்கும் உள்ள உரிம விலக்கு எங்கள் குடும்பத்துக்குப் பொருந்தாது. ஆகையால் தாத்தா, அப்பா, நான் என்று மூன்று தலைமுறையாக முறைப்படி உரிமம் பெற்றே வைத்திருக்கிறோம். வாரிசு என்ற முறையில் என் பெயரில் உரிமம் 2020 ஜனவரியில் கிடைத்தது.

அப்பா காலத்திலேயே கட்டை, அதாவது ஸ்டாக், கைப்பிடிக்கும் இடத்தில் விரிசல் விட்டுப் பித்தளைக் கம்பி சுற்றிக் கிடந்தது. குழல்களின் நிறம் போய், மழைக்காலத்தில் துருப் பிடிக்கத் தொடங்கியிருந்தது. 2022 நவம்பரில் நகரத்தில் துப்பாக்கி பழுது பார்க்க உரிமம் பெற்ற கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை; யாரும் கேட்கவும் வேண்டாம். பழைய கட்டையைப் போலவே வால்நட் மரத்தில் புதுக் கட்டைக்கு 18,000 ரூபாய், குழல்களுக்குக் கறுப்பு நிறமேற்றும் புளூயிங் செய்ய 8,000, தோட்டாவின் அடியைத் தட்டும் ஊசிகளான ஃபயரிங் பின்களும் சில்லறை வேலைகளும் 6,000, ஆக மொத்தம் 32,000 ரூபாய், நான்கு மாதம் என்றார். 20,000 முன்பணம் கொடுத்தேன். ரசீது கேட்டதற்குத் தம் விசிட்டிங் கார்டின் பின்புறத்தில் பென்சிலால் துப்பாக்கியின் எண்ணையும் "கட்டை, புளூ" என்ற இரண்டு சொற்களையும் எழுதிக் கொடுத்தார். நானும் அதைப் பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

2023 ஜனவரியில் நல்ல மரம் கிடைக்கவில்லை, காஷ்மீரிலிருந்து வரவழைக்க வேண்டும் என்று 11,000 கூடுதலாக வாங்கினார். மார்ச் 29ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. ஆயுதங்களை ஒப்படைக்கும்படி காவல் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. துப்பாக்கி பழுது பார்க்கப் போயிருக்கிறது என்று சொல்லி அந்த விசிட்டிங் கார்டை நீட்டினேன். ஆய்வாளர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை எதுவும் கொண்டுவரவில்லையா என்று கேட்டார். பிறகு கடையிலிருந்து பதிவேட்டு நகல் வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

அந்தச் செப்டம்பரில் குழல்களுக்கு நடுவேயுள்ள பட்டை விட்டிருக்கிறது, திரும்பப் பற்றவைக்க 14,000 ஆகும் என்றார். கொடுத்தேன். இந்த 2024 ஜூலை மாதம் வந்த கணக்கில் புளூயிங் 8,000 அல்ல, 15,000 என்று இருக்கிறது. கட்டையில் கை வழுக்காமல் இருக்கச் செதுக்கும் செக்கரிங்குக்கு 6,000 தனி. ஒரு ஸ்பிரிங் மாற்ற 3,500. எல்லாம் சேர்த்து 73,500. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 13,230. மொத்தம் 86,730 ரூபாய். இதுவரை 45,000 கொடுத்தாகிவிட்டது. இன்னும் 41,730 கேட்கிறார்.

பணத்தைவிட என்னை வருத்துவது வேறொன்று. மே மாதம் போனபோது என் கட்டைக்கான மரம், ரம்பம் அறுத்த தழும்புகளோடு முரடாக, ஜன்னல் திண்ணையில் கிடந்தது. அதன் மேல் படிந்திருந்த தூசியில், அவர் பார்க்காதபோது, விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்தேன். ஆறு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. அதன் மேலும் மெல்லியதாகத் தூசி படிந்திருக்கிறது. "உங்கள் வேலைதான் சார் ஓடிக்கொண்டிருக்கிறது" என்றார்.

என் உரிமம் 2025 ஜனவரியில் முடிகிறது. புதுப்பிக்கும்போது துப்பாக்கியைக் காட்டச் சொல்வார்கள். இந்த நிலையில் கேட்ட பணத்தைக் கொடுத்து முடிப்பதா, துண்டு துண்டாகவே வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் போவதா, அல்லது புகார் கொடுப்பதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பழைய ஃபிட்டர்

ஐயா, நான் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் டூல்ரூமில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கித் தொழில் என்னுடையது அல்ல. ஆனால் என் மாமனாரின் இரட்டைக் குழலுக்காக இதே ஊரில் இதே வகையான அலைச்சலை அலைந்து, வேலை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன். உங்கள் கணக்கில் எது நியாயம், எது நியாயமில்லை என்பதை மட்டும் சொல்கிறேன்.

புளூயிங் 8,000 என்பது 15,000 ஆனதற்குக் காரணம் உண்டு. புளூயிங் என்றால் பெயிண்ட் அல்ல. இரும்பின் மேற்பரப்பையே கறுப்பு ஆக்சைடாக மாற்றுவது. அதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கொதிதொட்டியில், சுமார் 140 டிகிரி சூட்டில், அரைமணி நேரம் முக்கி எடுப்பது. ஒற்றைக் குழலுக்கும் ரைஃபிளுக்கும் அது போதும். உங்களுடையது போன்ற பழைய இரட்டைக் குழலில், இரண்டு குழல்களுக்கும் நடுவே மேலும் கீழும் ஓடும் பட்டைகளை ஈயப்பற்றால்தான் ஒட்டியிருப்பார்கள். அந்தச் சூட்டில் ஈயம் உருகாது என்றாலும் காஸ்டிக் அதைத் தின்றுவிடும். அதோடு, உப்புநீர் பட்டைக்கு அடியில் புகுந்து தங்கி, வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளுக்குள் வருடக்கணக்கில் அரித்துக்கொண்டிருக்கும். ஆகையால் இவற்றுக்குத் துருப் புளூயிங் ஒன்றுதான் வழி. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளியும் இல்லாமல் துடைத்து, அமிலக் கரைசலை மெல்லப் பூசி, ஈரக்காற்றில் வைத்துச் செந்துரு ஏறவிட்டு, வாலை வடிநீரில் கொதிக்க வைத்தால் அந்தச் செந்துரு கறுப்பாகும். மேலே நிற்கும் பொடியை மெல்லிய எஃகுக் கம்பி நாரால் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நான் பார்த்தபோது எட்டு முறை செய்தார்கள். நடுவில் ஒருமுறை யாரோ வெறும் கையால் தொட்டுவிட்டதில் கட்டைவிரல் அடையாளம் அப்படியே விழுந்து, அந்தக் குழலை மட்டும் திரும்பச் சுரண்டி ஆரம்பித்தார்கள். 8,000 ரூபாய்க்கு இதைச் செய்ய முடியாது.

ஆனால் இதையே திருப்பிப் போட்டும் பாருங்கள். பர்மிங்ஹாம் இரட்டைக் குழல் என்று தெரிந்தே வாங்கி வைத்தவர், கொதிதொட்டி விலையை ஏன் சொன்னார்? பட்டை விட்டிருப்பதைப் பத்து மாதம் கழித்து ஏன் கண்டுபிடித்தார்? குழல்களைக் கழற்றி, அடிப்பக்கக் கொக்கியில் ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். பட்டை உறுதியாக இருந்தால் கோயில் மணிபோல நீளமாக ஒலிக்கும். விட்டிருந்தால் ஓட்டைப் பானையைத் தட்டியதுபோல் மொத்தென்று கேட்கும். கடையில் முன்பணம் வாங்கும் முன்பே செய்ய வேண்டிய அரை நிமிடச் சோதனை இது. ஆகவே பட்டை வேலையும் துருப் புளூயிங்கும் தேவையான வேலைகள். ஆனால் அவற்றை எதிர்பாராத செலவு என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை.

செக்கரிங்குக்குத் தனியாக 6,000 கேட்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய கட்டையில் செக்கரிங் இருந்ததா என்று பாருங்கள். இருந்திருந்தால், "பழையதைப் போலவே" என்று பேசியதில் அதுவும் அடக்கம். ஸ்பிரிங் 3,500 என்பது பற்றி எனக்குக் கருத்தில்லை. பழைய ஸ்பிரிங்கைக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள், உடைந்ததா இல்லையா என்று நீங்களே பார்க்கலாம்.

மரத்தைப் பற்றியும் ஒன்று. முரட்டுக் கட்டை ஜன்னலில் சும்மா கிடந்தது உங்களைப் புண்படுத்தியிருக்கும். வால்நட் மரம் இந்த ஊர் காற்றுக்குப் பழகும்வரை அறுத்த கட்டையைச் சில மாதம் போட்டு வைப்பது தவறல்ல. ஈரமுள்ள மரத்தில் இரும்பைப் பதித்தால் பின்னால் சுருங்கி இடைவெளி விடும். மறுபடி கைப்பிடியில்தான் விரிசல் விழும். அப்படி வைப்பதாக இருந்தால் 2023 ஜனவரியில் வாங்கிய மரம் அந்த வருடமே தயாராகியிருக்க வேண்டும். ஒரு காரியம் செய்யுங்கள்: கைப்பிடி வரும் இடத்தில் மரத்தின் இழை நீளவாக்கில் ஓடுகிறதா என்று இப்போதே பாருங்கள். குறுக்கே ஓடினால் அந்த மரமே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். செதுக்கிய பிறகு சொல்லிப் பயனில்லை.

இன்னொரு எச்சரிக்கை. குழல்களின் அடித்தட்டையில் சோதனை முத்திரைகள் இருக்கும். அங்கே 2½ (அங்குலம்) என்று இருந்தால் உங்கள் தோட்டா அறை 65 மில்லிமீட்டர். இப்போது பரவலாகக் கிடைக்கும் தோட்டாக்கள் 70. அடுத்த செலவாக "அறையை நீட்டிவிடலாம்" என்று அவர் சொல்லக்கூடும். சம்மதிக்காதீர்கள். அழுத்தம் அதிகமாக ஏறும் இடத்தில்தான் அந்த இரும்பைக் குடைந்து எடுக்க வேண்டியிருக்கும்.

பழைய கட்டை எங்கே இருக்கிறது? அதை முதலில் கேட்டு வாங்குங்கள்.

பதில்: ஜெயநகர் ஐந்தாவது பிளாக்

துண்டாகவே வாங்கிக்கொண்டு வேறொருவரிடம் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போகாதீர்கள். நான் போனேன்.

என்னுடையது ஒற்றைக் குழல், வேலையும் சிறியது. முதல் ஆள் பதினோரு மாதம் வைத்திருந்தார். ஒரு நாள் கோபத்தில் பாதி செதுக்கிய கட்டை, கழற்றிய திருகுகள் என்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு வாங்கி வந்துவிட்டேன். அடுத்து ஏறி இறங்கிய மூன்று இடங்களிலும் அந்தப் பையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார்கள். இன்னொருவர் பாதியில் விட்ட வேலையைத் தொட்டால், பின்னால் எந்தக் கோளாறு வந்தாலும் அது தன் தலையில் விழும் என்பது அவர்களுடைய பயம். நான்காமவர் ஒப்புக்கொண்டபோது புதிய மரத்திலிருந்தே தொடங்கினார். செலவு முதல் மதிப்பீட்டைப்போல இரண்டரை மடங்கு ஆயிற்று. ஒரு திருகு கடைசிவரை கிடைக்கவில்லை.

வேறு ஆள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள், ஆனால் விரல் விட்டு எண்ணிவிடலாம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஐந்தாவது பிரிவின்படி, துப்பாக்கியை விற்பதற்கு மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும். உதிரிப் பாகங்களும் அந்தச் சட்டத்தின் பார்வையில் துப்பாக்கிதான். பீன்யாவில் ஒரு லேத் பட்டறைக்காரர் ஃபயரிங் பின்னை இருநூறு ரூபாய்க்குக் கடைந்து கொடுத்துவிடுவார், அவர் கைக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த தச்சர் ஒருவர் வீணைக் குடமே இழைப்பவர். அவரிடமும் துப்பாக்கியை விட்டுவிட்டு வர முடியாது. போட்டி இல்லாத தொழிலில் விலையும் தேதியும் அவர்கள் சொல்வதுதான். இதைத் தெரிந்துகொண்டுதான் பேச்சைத் தொடங்க வேண்டும். எனக்கு அது தெரிய ஒரு மஞ்சள் பை தேவைப்பட்டது.

பதில்: கணக்குப்பிள்ளை

நான் சில காலம் ஓர் ஆயுதக் கடையில் கணக்கு எழுதியவன். எந்த ஊர், எந்தக் கடை என்பது முக்கியமில்லை. மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். அவர்களுக்காக வாதாடுவதாக நினைக்க வேண்டாம்.

கடைக்கு வரும் வருமானத்தில் பெரும்பகுதி தோட்டா விற்பனையிலும், ஒப்படைத்த ஆயுதங்களைப் பாதுகாத்து வைக்கும் கட்டணத்திலும் வருவது. கைவேலை என்பது பேருக்குத்தான். அது தெரிந்த ஆள் கடைக்கு ஒருவர் இருந்தால் அதிகம். எங்களிடம் இருந்தவர் பீகாரில் முங்கேரைச் சேர்ந்த முதியவர். வங்காள நவாப் மீர் காசிம் காலத்திலிருந்து துப்பாக்கி செய்யும் ஊர் என்று அவர் பெருமையாகச் சொல்வார். சத் பூஜைக்கு ஊருக்குப் போனால் திரும்பி வர ஒன்றரை மாதம் ஆகும். அவர் இல்லாத நாட்களில் வாடிக்கையாளரிடம் "வேலை ஓடுகிறது" என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பாக இருந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று இப்போது எண்ணிப் பார்க்க விரும்பவில்லை.

முன்பணம் எப்படிப் போகிறது என்பதுதான் நீங்கள் அறிய வேண்டியது. நீங்கள் கொடுத்த 20,000 ரூபாயில் உங்களுக்கான மரம் வாங்க மாட்டார்கள். உங்களுக்கு முன்னால் கொடுத்தவரின் மரத்துக்கு அது போகும். உங்கள் மரத்தை உங்களுக்குப் பின்னால் வருபவர் வாங்கிக் கொடுப்பார். புது வாடிக்கையாளர் வராத மாதத்தில் பழைய வேலைகள் எல்லாம் நின்றுவிடும். அப்போதுதான் "மரம் கிடைக்கவில்லை", "ஸ்பிரிங் உடைந்திருக்கிறது" என்ற தொலைபேசி அழைப்புகள் போகும். உங்களுக்கு ஜனவரியிலும் செப்டம்பரிலும் வந்த அழைப்புகளை நான் அந்தக் கண்ணோடுதான் படித்தேன். வால்நட் தட்டுப்பாடு பொய் என்று சொல்லவில்லை. காஷ்மீரில் வால்நட் மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது, 1969லேயே சட்டம் இருக்கிறது. நல்ல கட்டையின் விலை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் மதிப்பீடு சொன்ன நாளிலும் அது அப்படித்தான் இருந்தது.

தேர்தலும் உண்மையான காரணம்தான். அறிவிப்பு வந்த நாளிலிருந்து ஒப்படைக்க வருபவர்களின் வரிசை தெருவரை நிற்கும். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் எண்ணைச் சரிபார்த்து, பதிவேட்டில் ஏற்றி, சீட்டு எழுதிக் கொடுத்து, பிறகு காவல் துறைக்குப் பட்டியல் அனுப்ப வேண்டும். 2023இல் மார்ச் கடைசி முதல் மே பாதி வரை, 2024இல் மார்ச் 16 முதல் ஜூன் 4 வரை, பிறகு எல்லோரும் திரும்ப வாங்க வரும் இரண்டு வாரம் என்று கணக்கிட்டால் உங்கள் இருபது மாதத்தில் ஏறக்குறைய ஐந்து மாதம் அதில் போயிருக்கும். அந்த ஐந்தையும் மரம் பழகுவதற்கான நான்கையும் நான் மன்னிப்பேன். மிச்சம் பதினொன்று அவருடையது.

நான் செய்வது இப்படி இருக்கும். இனிமேல் ஒரு ரூபாயும் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். கட்டையை ஆக்‌ஷனோடு (குதிரை, ஸ்பிரிங் எல்லாம் உள்ள இரும்புப் பகுதி) பதித்துக் காட்டினால் ஒரு தொகை, குழல்கள் நிறமேறி வந்தால் ஒரு தொகை, எல்லாம் பூட்டி உங்கள் தோளுக்கு வைத்துப் பார்த்த பிறகு மீதி என்று எழுதிக் கொள்ளுங்கள். நிற்கும் வேலைகளில் எதை முதலில் எடுத்தால் உடனே பணம் வரும் என்றுதான் கடைக்காரர் தினமும் காலையில் பார்ப்பார். உங்கள் வேலை அந்தப் பட்டியலில் மேலே ஏறும்.

பதில்: நீதிமன்றச் சாலை

நான் வழக்கறிஞன், இது பொதுவான விளக்கம் மட்டுமே, ஆவணங்களைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல இயலாது.

பணம் கொடுக்கும்வரை துப்பாக்கியைத் தர மாட்டேன் என்று அவர் சொல்ல முடியுமா என்பதுதான் இங்கே மையமான கேள்வி. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 170ஆவது பிரிவு, தன்னிடம் ஒப்படைத்த பொருளின் மேல் உழைப்பையும் திறமையையும் செலுத்தி வேலை செய்தவர், அதற்கான கூலி கிடைக்கும்வரை அந்தப் பொருளை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. சட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது: பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, தீட்டி முடித்த நகை வணிகர் கூலி வரும்வரை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒப்படைத்த நோக்கத்தின்படி வேலை நடந்திருக்க வேண்டும். ஜன்னல் திண்ணையில் தூசி படிந்து கிடக்கும் மரத்தைக் காட்டி அந்த உரிமையைக் கோருவது கடினம். உங்களிடமிருந்து 45,000 ஏற்கெனவே போயிருக்கிறது. செய்து முடித்த வேலையின் மதிப்பு அதைவிடக் குறைவு என்றால் தடுத்து வைக்க அவருக்கு எந்த அடிப்படையும் இல்லை.

தேதி விஷயத்தில் உங்கள் பக்கம் பலவீனம் ஒன்று உண்டு. நான்கு மாதம் என்பது வாய்மொழி. அது கடந்த பிறகும் பணம் கொடுத்திருந்தால், தாமதத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு சொல்லும். உங்கள் விஷயத்தில் ஜனவரித் தொகை கெடுவுக்கு உள்ளே போயிற்று. செப்டம்பர்த் தொகைதான் வெளியே. அதைச் சரிசெய்ய இப்போதே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதில் துப்பாக்கியின் எண், கொடுத்த நாள், ஒப்புக்கொண்ட வேலைகள், கொடுத்த தொகைகள் ஆகியவற்றை எழுதி, நியாயமான ஒரு கெடு தேதியைக் குறிப்பிட்டு, அதற்குப் பிறகு தாமதத்தை ஏற்க இயலாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். கோபமான சொற்கள் வேண்டாம். பின்னால் நுகர்வோர் ஆணையத்தில் படிக்கப்படும் கடிதம் அது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. வாக்களித்த நான்கு மாதம் முடிந்த 2023 மார்ச்சிலிருந்து எண்ணுவதே பாதுகாப்பு. அதாவது 2025 மார்ச்சுக்குள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் இல்லாமலும் நீங்களே ஆஜராகலாம். அதற்கு முன்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். சில கடைகள் அந்த அழைப்பிலேயே வழிக்கு வருவதைப் பார்த்திருக்கிறேன்.

உரிமத்தைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது சரியே. புதுப்பிக்கும் மனுவைக் காலாவதியாகும் நாளுக்கு 60 நாட்களுக்கு முன்பே கொடுக்க வேண்டும். ஆகவே உங்கள் உண்மையான கெடு ஜனவரி அல்ல, நவம்பர் தொடக்கம். அதுவரை துப்பாக்கி வராவிட்டால் கடையின் உரிம எண்ணும் பதிவேட்டுப் பதிவும் உள்ள முறையான ரசீதை மனுவோடு இணையுங்கள். விசிட்டிங் கார்டு போதாது. ஆய்வாளர் கேலி செய்ததோடு விட்டது உங்கள் அதிர்ஷ்டம்.

பதில்: அல்சூர்வாசி

எல்லோருக்கும் நன்றி. உடனே எழுதாததற்கு மன்னிக்கவும். போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலை கடை திறக்கும்போதே போய் நின்றேன். முதலில் ஃபிட்டர் ஐயா சொன்னபடி குழல்களை நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தட்டிக் காட்டும்படி கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதை யார் சொல்லிக் கொடுத்தார் என்றார். ஒரு பதில் சொல்லிவைத்தேன். தட்டினார், நன்றாகவே ஒலித்தது, தெருவில் ஆட்டோ சத்தத்துக்கு நடுவிலும் சில நொடிகள் கேட்டது. ஆக அந்த 14,000 ரூபாய்க்கான வேலை நடந்திருக்கிறது. அதைக் கேட்ட பிறகு என் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மரத்தின் இழை கைப்பிடியில் நீளவாக்கில்தான் ஓடுகிறது. அடித்தட்டையில் 2½ என்ற முத்திரை இருக்கிறது. அறையை நீட்டும் பேச்சை அவரே எடுத்தார், வேண்டாம் என்றேன்.

செக்கரிங் பற்றிய வாதம் நீண்டது. பழைய கட்டையைக் கொண்டுவாருங்கள், அதில் இருந்ததா இல்லையா என்று பார்த்துவிடலாம் என்றேன். உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. கடைசியில் பையன் ஒருவன் பழைய கட்டையைப் பரணிலிருந்து எடுத்து வந்தான். பித்தளைக் கம்பி சுற்றியபடியே இருந்தது. செக்கரிங் தேய்ந்திருந்தாலும் விரலுக்கு நன்றாகத் தட்டுப்பட்டது. 6,000 ரூபாயை அடித்துவிட்டார். ஸ்பிரிங் உண்மையிலேயே உடைந்திருந்தது, இரண்டு துண்டையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். புளூயிங் 15,000 என்பதை நானும் ஏற்றுக்கொண்டேன். கணக்குப்பிள்ளை சொன்னதைப் போல மீதித் தொகையை மூன்று தவணையாகப் பிரித்து, அக்டோபர் 15 என்று தேதி போட்டு, கடையின் தலைப்புத் தாளில், உரிம எண்ணோடு எழுதி வாங்கியிருக்கிறேன். அதன் நகலோடு கடிதத்தையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். இது வழக்கறிஞர் ஐயாவுக்காக.

பழைய கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து கம்பியைப் பிரித்தபோதுதான் கவனித்தேன்: அடிப்பக்கத்தில் தாத்தாவின் தலைப்பெழுத்துகள் பொறித்த சிறிய வெள்ளித் தகடு இருந்த இடம் வெறும் குழியாக இருந்தது. கடைக்குத் தொலைபேசியில் கேட்டேன். கட்டையைக் கழற்றும்போதே எடுத்து, பொடி டப்பாவில் உங்கள் திருகுகளோடு பத்திரமாகப் போட்டு வைத்திருக்கிறேன் என்றார். புதுக் கட்டையில் பதித்துத் தர வேண்டும் என்றேன். அது மதிப்பீட்டில் இல்லை சார், 1,200 ஆகும் என்றார். சரி என்று சொல்லி, அதையும் அந்தத் தாளில் ஒரு வரியாகச் சேர்த்துக் கையெழுத்து வாங்கி வந்திருக்கிறேன்.